வாட்டர் சர்வீசுக்குப் பின் வண்டி 'மிஸ்ஸிங்' ஆகிறதா?

ஆயுத பூசைக்கும் பொங்கலுக்கும் முன்னதாக, காய்கறி, பால், உரம் ஏற்றும் சிறிய சரக்கு வண்டிகளை வாட்டர் சர்வீசுக்கு விடுவது கிராமங்களில் வழக்கம். வண்டியின் வெளிப்பாகத்தோடு நிற்காமல், இன்ஜினையும் அழுத்தமாகத் தண்ணீர் அடித்துக் கழுவி விடுகிறார்கள். போகும்போது நன்றாக ஓடிய வண்டி, திரும்பும்போது குலுங்குகிறது. மேட்டில் இழுக்க மறுக்கிறது. சைலன்சரில் விட்டு விட்டுச் சத்தம் வருகிறது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்பதே இதன் பொருள். மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங்' என்கிறார்கள்.

விடியற்காலையில் தக்காளியைச் சந்தைக்குச் சேர்க்க வேண்டியவர், அப்படியே ஓட்டிச் சென்று விடலாம் என்று நினைப்பதுண்டு. இன்னும் சிலர் பிளக், காயில் அனைத்தையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லி விடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம். கழுவும் வரை நன்றாக இருந்த இன்ஜின் கழுவிய உடன் கோளாறு செய்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஈரத்தைத்தான். முதலில் உலர்த்த வேண்டும். அடுத்து சோதிக்க வேண்டும். கடைசியாகவே உதிரிபாகம் வாங்க வேண்டும்.

ஈரம் செய்யும் கோளாறு

பெட்ரோல் இன்ஜினில், பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திப் பிளக்குக்கு அனுப்புகிறது. பிளக் நுனியில் உள்ள சிறிய இடைவெளியை இந்த மின்சாரம் தாண்டும்போது தீப்பொறி உண்டாகிறது. அழுக்கும் சோப்பும் கலந்த நீர் பிளக்கின் பீங்கான் மீது படிந்திருந்தால், மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் ஈரத்தின் வழியே இன்ஜினின் உலோகத்தில் இறங்கி விடும்.

இக்கால இன்ஜின்கள் பலவற்றில் பிளக்குகள் டேப்பட் கவரின் நடுவே ஆழமான குழிகளில் உள்ளன. ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு காயில் பொருத்தப்பட்டிருக்கும். காயிலின் ரப்பர் உறை தளர்ந்திருந்தால் குழிக்குள் நீர் இறங்கித் தேங்கி விடும். மேற்பரப்பு வெயிலில் காய்ந்த பிறகும் குழிக்குள் நீர் நிற்கும். ஆகவே, பார்வைக்கு உலர்ந்திருப்பதை நம்பக் கூடாது. பழைய பெட்ரோல் வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் ஈரம் கோத்துக் கொண்டாலும் இதே கோளாறு வரும்.

ஓட்டிச் செல்லலாமா?

கூடாது. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் குழாய்க்குப் போகிறது. அங்குள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் அது எரிந்து, உள்ளே தேன்கூடு போல் அமைந்துள்ள பாகத்தை உருக்கி விடக் கூடும். இதன் விலையோடு ஒப்பிட்டால் பிளக்கின் விலை மிகச் சொற்பம். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி தயாரான பெட்ரோல் வண்டிகளில் இந்தக் கன்வெர்ட்டர் உண்டு. மீட்டர் பலகையில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், கன்வெர்ட்டருக்கு ஆபத்து என்று பொருள். வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தி விட வேண்டும்.

உலர்த்தும் முறை

இன்ஜின் ஆறிய பிறகு பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றி விட வேண்டும். பிறகு காயில்களை ஒவ்வொன்றாக மேலே எடுத்துக் குழியை டார்ச் விளக்கில் பார்க்க வேண்டும். எந்தக் காயில் எந்தக் குழிக்குரியது என்று அடையாளம் வைத்துக் கொள்வது நல்லது. நீர் இருந்தால், பஞ்சர் கடையில் உள்ள காற்றுக் குழாயால் ஊதி வெளியேற்றலாம். அப்போது கண்ணுக்குக் கண்ணாடி அணிவது அவசியம். காற்று கிடைக்காத இடத்தில், பழைய வேட்டித் துணியைத் திரியாகத் திரித்துக் குழிக்குள் விட்டு நீரை உறிஞ்சி எடுக்கலாம்.

குழி உலர்வதற்கு முன் பிளக்கைக் கழற்றவே கூடாது. கழற்றினால் தேங்கிய நீரும் மண்ணும் சிலிண்டருக்குள் விழும். காயிலின் ரப்பர் உறையையும், ஒயர்களை இணைக்கும் கப்ளர்களையும் துடைத்துக் காற்றாட விட வேண்டும். ஈரத்தைப் போக்க மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தெளிப்பது தீ விபத்தில் முடியும்.

உலர்ந்த பின்னும் நிற்கவில்லையானால்

அடுத்து எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் சென்றால் உடனே தெரிந்து விடும். பி 0301 என்று காட்டினால் முதல் சிலிண்டர். பி 0302 என்றால் இரண்டாவது. பி 0300 என்று காட்டினால் கோளாறு குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் நிற்கவில்லை என்று பொருள்.

ஸ்கேனர் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு சிலிண்டரின் புகைக் குழாயும் தனித்தனியே வெளியில் தெரியும் இன்ஜின்களில் ஒரு வழி உண்டு. ஆறிய இன்ஜினை ஓரிரு நிமிடம் மட்டும் ஓட விட்டு நிறுத்தி, ஒவ்வொரு குழாயின் மீதும் ஒரு சொட்டு நீர் விட வேண்டும். எரிகிற சிலிண்டரின் குழாயில் நீர் சுர்ரென்று ஆவியாகும். வேலை செய்யாத சிலிண்டரின் குழாயில் ஆவியாகத் தாமதமாகும்.

உதாரணமாக, இரண்டாவது சிலிண்டரில் கோளாறு என்று வைத்துக் கொள்ளலாம். இன்ஜினை நிறுத்தி, அதன் காயிலை முதல் சிலிண்டருக்கும், முதல் சிலிண்டரின் காயிலை இதற்கும் மாற்றிப் பொருத்த வேண்டும். கோளாறு முதல் சிலிண்டருக்கு நகர்ந்தால் காயிலே குற்றவாளி. நகராவிட்டால் பிளக்குகளை அதேபோல் மாற்றிப் பார்க்கலாம். பிளக்கின் பீங்கானிலோ ரப்பர் உறையின் உள்ளேயோ மெல்லிய கருங்கோடு தெரிந்தால், மின்சாரம் தடம் போட்டு விட்டது என்று அறியலாம். அந்தப் பாகம் உலர்ந்த பின்னும் மிஸ்ஸிங் நிற்காது. அதை மட்டும் மாற்றினால் போதும். இன்ஜின் ஓடும்போது காயிலையோ பிளக் ஒயரையோ உருவிப் பார்ப்பது ஆபத்து.

காயிலும் பிளக்கும் நன்றாக இருந்தால், இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றிப் பச்சை படிந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் வேகத்தில் ரப்பர் ஹோஸ் ஏதேனும் கழன்று 'உஸ்' என்று காற்று இழுக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். களத்திலும் கொட்டகையிலும் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த ஒயர்கள் இருக்கும். அதுவரை தொல்லை தராத அந்தக் காயம், நனைந்த உடன் கோளாறு காட்டும்.

டீசல் வண்டிக்கு வேறு கணக்கு

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பழைய மாதிரி டீசல் பம்பு உள்ள டிராக்டர், லாரிகளில் வெளியே பட்ட ஈரத்தால் மட்டும் மிஸ்ஸிங் வராது. டாங்க் மூடி வழியே டீசலில் நீர் கலந்ததா என்று வடிகட்டியின் அடியில் வடித்துப் பார்க்க வேண்டும். காமன் ரெயில் வண்டிகளில் இன்ஜெக்டர்களும் சென்சார்களும் மின்சாரத்தால் இயங்குவதால், அவற்றின் கப்ளர்களை உலர்த்த வேண்டும்.

பெட்ரோலோ டீசலோ, ஏர் ஃபில்டருக்குள் நீர் நிறைய புகுந்திருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது. காற்றைப் போல் நீர் அமுங்காது. சிலிண்டரில் நீர் நிற்க, பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்து விடும்.

கழுவும்போது கவனிக்க வேண்டியவை

சூடான இன்ஜின் மீது நீர் அடிக்கக் கூடாது. சூடான பாகங்கள் திடீரென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, நீரை உள்ளே இழுத்துக் கொள்ளும். இன்ஜினை ஆற விட்டு, காயில், ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய், கம்ப்யூட்டர் பெட்டி ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டச் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரும் பிரஷ்ஷும் கொண்டு துடைத்தாலே போதுமானது.

பண்டிகைக்கு வண்டியைக் கழுவுவோர், மறுநாள் அதிகாலையில் சுமை ஏற்ற வேண்டியிருந்தால், முதல் நாள் காலையிலேயே கழுவி மூடியைத் திறந்து வெயிலில் நிறுத்துவது நல்லது. மாலையில் காலி வண்டியை ஒரு முறை ஓட்டிப் பார்த்தால், கோளாறு இருப்பின் அதைச் சரி செய்ய அவகாசம் இருக்கும். சரக்கும் நேரத்துக்குச் சந்தை போய்ச் சேரும்.