படுவான் இல்லாத கடலிலே...

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் அழைப்பது நமது வழக்கம். ஒன்று சூரியன் எழுகின்ற கரை, மற்றது படுகின்ற கரை. வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுக்கு வயல் பார்க்கப் போகிறவர் கூட "படுவான்கரைக்குப் போயிட்டு வாறன்" என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுப் போவார். திசையைச் சூரியனைக் கொண்டே அறிந்த மண் இது. இந்த மண்ணில் பிறந்த ஒரு குடும்பம், சூரியன் படவே படாத ஒரு கடலுக்குப் போனால் எப்படியிருக்கும்?

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. இங்கிலாந்தில் வசிக்கும் என் தங்கையும் மச்சானும் செலவை ஏற்றுக் கொண்டார்கள். 74 வயதான உம்மா, நான், என் மனைவி, பன்னிரண்டு வயது மகள், தங்கை, மச்சான், அவர்களுடைய இரண்டு சிறு பிள்ளைகள் என எட்டுப் பேர். சவுதாம்ப்டன் துறைமுகத்தில் ஏறி, நோர்வே நாட்டின் கரையோரமாக வடமுனை வரை சென்று திரும்பும் பதினான்கு நாள் கப்பல் பயணம்.

ஊர் திரும்பியது முதல் சகோதரிகள் பலரும் என் மனைவியிடம் விசாரிக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில், "நாங்களும் உம்மா வாப்பாவை இப்படிக் கூட்டிப் போகலாமா?" என்ற கேள்வியும் வருகிறது. இனிப்பை மட்டும் சொல்லிக் கசப்பை மறைப்பது நியாயமல்ல. ஆகவே இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

உம்மாவின் பயம்

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி நம் கரையை அழித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று தன் தங்கையைப் பறிகொடுத்தவர் என் உம்மா. முதல் அலைக்குப் பின் கடல் உள்வாங்கியதைக் கண்ணால் கண்டவர். அதன் பிறகு கடற்கரைப் பக்கமே போனதில்லை. கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது கூட வாகனத்தில் கண்களை மூடிக் கொண்டு திக்ரு செய்வார்.

அப்படிப்பட்டவரைக் கப்பலில் ஏற்றுவதா என்று எல்லோரும் தயங்கினோம். தங்கை சொன்ன காரணம் சரியாகப் பட்டது. "காக்கா, உம்மாவால நடக்க ஏலாது. ஊருக்கு ஊர் பஸ் ஏறி, ஹோட்டல் மாறித் திரிய முடியுமா? கப்பலெண்டா அறை ஒண்டு, பெட்டியை ஒரு தரம் அவிழ்த்தாப் போதும். ஊர்கள்தான் எங்களைத் தேடி வரும்." முடிவை உம்மாவிடமே விட்டோம். "பிள்ளையள் எல்லாரும் ஒரு கூரைக்குக் கீழே பதினாலு நாள் இருப்பீங்களா?" என்று கேட்டார். ஆம் என்றோம். "அப்ப வாறன்" என்றார்.

புறப்படும் முன் எல்லாப் பயணிகளுக்கும் உயிர்காப்பு அங்கி பற்றியும், ஆபத்து நேர்ந்தால் கூட வேண்டிய இடம் பற்றியும் பயிற்சி நடந்தது. 2012இல் இத்தாலிக் கரையில் கொஸ்டா கொன்கோர்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்த பின் இதற்கான சர்வதேச விதி இறுக்கப்பட்டது. இப்போது கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே இந்தப் பயிற்சி நடந்தாக வேண்டும். இதைச் சிலர் வேடிக்கையாக எண்ணுகிறார்கள். வடகடல் வேடிக்கையான கடல் அல்ல. 2019 மார்ச் 23ஆம் திகதி வைக்கிங் ஸ்கை என்ற உல்லாசக் கப்பல் 1,373 பேருடன் நோர்வேயின் ஹுஸ்டாட்விகா கடற்பகுதியில் புயலில் சிக்கியது. இயந்திரங்களில் மசகு எண்ணெய் போதாமல் அவை நின்று போயின. கப்பல் பாறைகளை நோக்கித் தள்ளப்பட்டது. 479 பேரை ஹெலிகொப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கிக் காப்பாற்றினார்கள். அல்லாஹ்வின் அருளால் உயிரிழப்பு இல்லை. தவக்குலும் வேண்டும், ஒட்டகத்தைக் கட்டவும் வேண்டும் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடமல்லவா?

வாடிப் போன நாட்கள்

முதல் இரண்டு நாளும் வட கடலில் காற்று. தங்கைக்கும் என் மகளுக்கும் தலைசுற்றலும் வாந்தியும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டு அறைகளில் ஆட்டம் குறைவு; உயரமான தட்டில், முன் அல்லது பின் கோடியில் ஆட்டம் அதிகம். அறை பதிவு செய்யும்போது இதைக் கவனிக்க வேண்டும். சன்னலோர அறை என்று ஆசைப்படுவதை விட நடு அறை நல்லது. பயண வாந்திக்கான மாத்திரையை வாந்தி வந்த பின் போடுவதில் பயனில்லை, முன்பே போட வேண்டும். மற்ற மருந்துகள் எடுக்கும் வயோதிபர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் எதையும் விழுங்கக் கூடாது.

உணவு அடுத்த சோதனை. மேசையில் மலைபோல் பண்டங்கள். ஆனால் இறைச்சி ஹலால் அல்ல. சூப்பிலே வைன், இனிப்பிலே ஜெலட்டின். மீன், முட்டை, உருளைக்கிழங்கு, சோறு, பழம் என்று காலம் போனது. நான்காம் நாள் உம்மா கரண்டியை வைத்துவிட்டு, "உறைப்பில்லாத சாப்பாடு மருந்து மாதிரி" என்றார். என் மனைவி பெட்டியின் அடியிலிருந்து மூடி திறக்காத சீனிச் சம்பல் போத்தலை எடுத்தபோது அந்த அறையில் எழுந்த மகிழ்ச்சியை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்.

உடை பற்றியும் சகோதரிகள் கேட்கிறார்கள். ஜூன் மாதமென்றாலும் வடமுனையில் நம் ஊர் மார்கழியை விடப் பன்மடங்கு குளிர். மேல்தட்டில் காற்று அடிக்கும்போது தளர்ந்த ஹபாயா பாய்மரம் போல் ஊதிக் கொள்ளும். உள்ளே கம்பளி உடுப்பு, மேலே காற்றுப் புகாத நீண்ட மேலங்கி, முக்காட்டுக்குக் கீழே இறுக்கமான பின்னல் தொப்பி என்று போட்ட பிறகுதான் பெண்கள் நிம்மதியாக வெளியே நின்றார்கள்.

செலவையும் மறைக்கக் கூடாது. கப்பல் கட்டணத்தோடு முடிவதில்லை. நம் கடவுச்சீட்டுக்கு இங்கிலாந்து விசா வேறு, நோர்வே இறங்க ஷெங்கன் விசா வேறு. அதுவும் பல தடவை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். கரைச் சுற்றுலா, தொலைபேசி இணைப்பு, பணியாளருக்கான பணம் என்று ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. கடன்பட்டுப் போகக் கூடிய பயணம் இதுவல்ல. ஹஜ் கடமையான ஒருவர் அதை ஒத்திப்போட்டு விட்டு இதற்குச் செலவழிப்பதும் முறையல்ல.

எல்லாவற்றையும் விட மனதை வருத்தியது வேறொன்று. ஓரிடத்தில் கப்பல் நடுநீரில் நங்கூரமிட்டது. சிறு படகில் இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டும். சக்கர நாற்காலியை ஏற்ற முடியாது என்று விட்டார்கள். "நான் உம்மாவோட இருக்கிறன், நீங்க போங்க" என்று என் மனைவி சொன்னாள். முந்தின நாள் தங்கை இருந்தாள். அதற்கு முதல் நாளும் மனைவிதான். யாரும் கேட்காமலே பெண்கள் பின்தங்குவது நம் வீடுகளில் வழக்கமாகிப் போன ஒன்று. அன்று மச்சானும் நானும் பேசி முடிவெடுத்தோம். மீதி நாட்களில் ஆண்கள் இருவரும் முறை வைத்து உம்மாவோடு தங்கினோம். நபி (ஸல்) அவர்கள் பயணங்களில் கூட்டத்தின் பின்னால் வந்து, பலவீனமானவரைக் கூட்டிச் செல்வார்கள், தம் வாகனத்திலும் ஏற்றிக் கொள்வார்கள் என்று ஹதீஸில் இருக்கிறது. பின்னால் வருவது பெண்களின் வேலை என்று அதில் இல்லை.

கண் நிறைந்த காட்சிகள்

கெய்ராங்கர் என்ற நீர்ப்பள்ளத்தாக்கு 2005இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கடல் நீர் மலைகளுக்கு நடுவே 15 கிலோமீற்றர் உள்ளே போகிறது. ஏழு சகோதரிகள் என்ற நீர்வீழ்ச்சி செங்குத்தான பாறையில் 250 மீற்றர் அளவில் இறங்குகிறது. கரையிலுள்ள கிராமத்தில் குடியிருப்போர் சில நூறு பேர்தான். எங்கள் கப்பலில் அதைவிடப் பல மடங்கு சனம். நாங்கள் எல்லோரும் இறங்கியபோது அந்தச் சிறிய ஊர் திணறியதையும் பார்த்தேன். அழகைப் பார்க்கப் போகிறவர்களே அழகுக்குப் பாரமாகி விடுவதும் உண்டு.

லொஃபோட்டன் தீவுகளில் உம்மா முகம் மலர்ந்தார். காரணம், காற்றில் வந்த கருவாட்டு வாசம்! பெப்ரவரி தொடங்கி மே வரை அங்கே கொட் மீனை உப்பிடாமலே மரச் சட்டங்களில் கட்டித் தொங்க விடுகிறார்கள். குளிர்காற்றே அதைக் காய வைத்து விடுகிறது. இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் அது ஏற்றுமதியாகிறது. "எங்கட மாசி மாதிரித்தான், உப்பில்லாமத் தாங்குதே" என்று உம்மா வியந்தார். இவ்வளவு வடக்கில் கடல் உறையாமலிருப்பதற்குக் காரணம், தெற்கேயிருந்து வரும் வெப்ப நீரோட்டம். மீனுக்கும் மனிதருக்கும் அங்கே வாழ்வு தருவது அதுதான்.

அந்தக் கடலுக்கும் நமது நாட்டுக்கும் தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே போய், மீன்பிடித் தொழிலைக் கற்று, அந்நாட்டு மக்களின் உதவியோடு 1967இல் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். 1980களில் போர் விரட்டிய தமிழ் இளைஞர் பலர் நோர்வேயின் வடகோடியிலுள்ள மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தார்கள். நாம் இரண்டு வாரம் நடுங்கிய குளிரில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் நின்று வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

இரவில்லாத ஊரில் தொழுகை

ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியதும் சூரியன் மறையவில்லை. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கும் வெயில். சிறு பிள்ளைகள் தூங்க மறுத்தார்கள். திரைச்சீலையை ஊசி குத்தி மூடி இரவை உண்டாக்க வேண்டியிருந்தது. "மஃரிப் எப்ப மகன்?" என்று உம்மா கேட்டார். கிப்லா என்றால் படுவான் பக்கம் என்று பழகியவர் அவர். அங்கே படுவானும் இல்லை, கிப்லாவும் தென்கிழக்கில்!

இது புதிய கேள்வி அல்ல. பக்தாதிலிருந்து 921இல் புறப்பட்டு மறு ஆண்டு வொல்கா நதிக்கரை பல்கார் மக்களிடம் போய்ச் சேர்ந்த இப்னு ஃபள்லான், அங்கே கோடை இரவு எவ்வளவு சிறியது என்று எழுதி வைத்திருக்கிறார். மஃரிபுக்கு அடுப்பில் வைத்த பானை வேகுமுன் ஸுபஹ் வந்து விடுமாம்! அவர்கள் இஷாவை மஃரிபோடு சேர்த்தே தொழுதார்கள். சூரியன் மறையாத இடத்தில் நேரத்தைக் கணக்கிட்டுத் தொழ வேண்டும் என்பது அறிஞர்களின் தீர்ப்பு. ஒரு நாள் ஓராண்டு போல் நீளும் தஜ்ஜாலின் காலம் பற்றிய ஹதீஸ் அதற்கு ஆதாரம். இரவு பகல் பிரிந்து தெரியும் அருகிலுள்ள ஊரின் நேரத்தை எடுப்பது ஒரு வழி, மக்காவின் நேரத்தை எடுப்பது இன்னொரு வழி.

நாங்கள் பயணிகளாதலால் நான்கு ரகஅத்தை இரண்டாகச் சுருக்கி, ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதோம். கப்பல் ஆடும்போது உம்மா உட்கார்ந்து தொழுதார். ஊரில் ஐந்து வேளையும் நான் பள்ளிவாசலுக்குப் போய் விடுவேன். கப்பலில் சிறிய அறையில் குடும்பமே ஜமாஅத்தாக நின்றது. மகளுக்கு அது புதிய இன்பம்.

கடல் உள்வாங்கிய காலை

வடமுனைக்குப் போகும் துறைமுகமான ஹொனிங்ஸ்வோக்கில் ஒரு காலை. உம்மா சன்னல் வழியே கரையைப் பார்த்தார். முந்தின நாள் நீர் இருந்த இடத்தில் பாறைகள் ஈரமாக, பாசி படர்ந்து, வெறுமையாகக் கிடந்தன. உம்மாவின் கை நடுங்கியது. "கடல் பின்வாங்குது. பிள்ளையளை மேலே ஏத்துங்க!" என்று கத்தி விட்டார்.

என் மகள்தான் அவரருகில் உட்கார்ந்தாள். பாடசாலையில் படித்ததைச் சொன்னாள். "உம்மம்மா, இது வற்று. சந்திரன் இழுக்கிறதால ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் ஏறும், இறங்கும். எங்கட ஊரில ஒரு மீற்றர் கூட மாறாது. இங்க இரண்டு மூணு மீற்றர் மாறும். இருங்க, பாப்பம்." இருவரும் அங்கேயே இருந்தார்கள். நானும் கூட இருந்தேன். மற்றவர்கள் 307 மீற்றர் உயரமான அந்த வடமுனைக் குன்றுக்குப் போய், மூடுபனி தவிர வேறொன்றையும் காணாமல் திரும்பி வந்தார்கள். உம்மாவும் பேத்தியும் ஆறு மணி நேரத்தில் நீர் மெல்ல மெல்லத் திரும்பி வந்து பாறைகளை மூடியதைப் பார்த்தார்கள். "அடிக்கல்லடி, வந்து போகுது" என்றார் உம்மா.

அன்றிரவு கப்பல் புறப்பட்டதும் பனி விலகியது. "என்னை வெளியே கூட்டிப் போங்க" என்று அவரே கேட்டார். பத்தொன்பது ஆண்டுகளில் முதல் தடவையாகக் கடலை நேராகப் பார்த்தார். நள்ளிரவுச் சூரியன் தண்ணீருக்கு மேலே செம்பு நிறத்தில் நின்றது. தன் தங்கையின் பெயரைச் சொல்லி துஆச் செய்தார். நாங்கள் எல்லோரும் ஆமீன் சொன்னோம்.

சகோதரிகளே! வாய்ப்புள்ளவர்கள் போகலாம். போகிறவர்கள் தொழுகை நேரம் பற்றி உங்கள் பகுதி ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள். உணவைப் பற்றிக் கப்பலுக்கு முன்பே எழுதுங்கள். யார் எந்த நாள் வயோதிபரோடு தங்குவது என்பதை வீட்டிலேயே எழுதி, ஆண்களின் பெயரையும் அதில் சேருங்கள். குடும்பத்தில் நடக்க ஏலாதவரின் வேகமே எல்லோருடைய வேகமாக இருக்கட்டும். மூடுபனி காட்சியை மறைத்தாலும் அந்தப் பயணம் வீணாகாது.

வாய்ப்பில்லாதவர்கள் ஏங்க வேண்டியதில்லை. பயந்து ஒதுங்கிப் போன ஒரு முதியவர் உங்கள் வீட்டிலும் இருக்கக் கூடும். கல்லடிக் கடற்கரைக்கோ வாவிக் கரைக்கோ ஒரு மாலை நேரம் கூட்டிப் போங்கள். பேரப்பிள்ளை ஒன்றையும் கூட அழைத்துச் செல்லுங்கள். அதற்கு விசா தேவையில்லை.