முதுமையில் மூக்கும் மூச்சும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

“எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்” என்பது பழமொழி. அந்தச் சிரசின் நட்ட நடுவே நின்று, நாம் உறங்கும்போதும் உறங்காமல் உழைப்பது மூக்கு. கண் மங்கினால் கண்ணாடி வாங்குகிறோம். காது மந்தமானால் உரக்கப் பேசச் சொல்லுகிறோம். பல் விழுந்தால் பல்செட் வைத்துக்கொள்ளுகிறோம். ஆனால், மூக்குக்கும் வயதாகும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? தாத்தா பாட்டியுடன் வாழும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில், மூக்கின் முதுமை அம்மூக்குக்கு உரியவருக்கே தெரியாமல் வருவது.

மூக்கின் பணிகள்

மூக்கு வெறும் துவாரம் அன்று. வெளிக்காற்றை வடிகட்டி, இதமாகச் சூடேற்றி, ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புவது அதன் முதற் பணி. வாயிலில் உள்ள மயிர்கள் பெருந்தூசியைத் தடுக்கின்றன. உள்ளே இருக்கும் சளிப்படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் ஓயாமல் அசைந்து, தூசி ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுகின்றன.

மணத்தை அறிவது இரண்டாவது பணி. மூக்கின் கூரையில் தபால்தலை அளவே உள்ள இடத்தில் மண நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உள்ளன. இவ்வேற்பிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக லிண்டா பக் என்ற பெண் விஞ்ஞானியும், ரிச்சர்டு ஆக்சல் என்பவரும் 2004-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

முதுமை செய்யும் மாற்றங்கள்

வயதானவர்களுக்கு மூக்கு நீண்டுவிட்டதுபோல் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் மூக்கைத் தாங்கும் குருத்தெலும்பும் தசைநார்களும் தளர்வதால் நுனி கீழே தாழ்கிறது. இதனால் சிலருக்குக் காற்று செல்லும் வழியும் குறுகுகிறது. நுனியை விரலால் சற்றே உயர்த்தினால் அவர்களுக்கு மூச்சு இலகுவாக வரும்.

உள்ளே சளிப்படலம் மெலிந்து உலர்கிறது. நுண்ணிழைகளின் வேகம் குறைகிறது. சளி கெட்டியாகித் தொண்டையில் இறங்குவதால் முதியோர் அடிக்கடி செருமுகிறார்கள். வேறு சிலருக்குச் சூடான ரசத்தைக் குடித்தவுடன் மூக்கில் நீர் வடியும். இவற்றைக் கண்டு முகம் சுளிப்பது நமக்கு அழகன்று.

மணம் மறையும் விதம்

நம் உடலிலுள்ள பெரும்பாலான நரம்பணுக்கள் அழிந்தால் திரும்ப வருவதில்லை. மண நரம்பணுக்கள் மட்டும் வாழ்நாள் முழுவதும் புதிது புதிதாகத் தோன்றுகின்றன. வயது ஏற ஏற இந்தப் புதுப்பித்தல் குறைகிறது. அமெரிக்காவில் பீவர் டாம் என்னும் ஊரில் 53 முதல் 97 வயது வரையுள்ள சுமார் 2,500 பேரைச் சோதித்த ஆய்வு ஒன்று 2002-ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர்களில் நான்கில் ஒருவருக்கு மண உணர்வு குன்றியிருந்தது. 80 வயதைத் தொட்டவர்களிலோ பத்தில் ஆறு பேருக்கு இக்குறை இருந்தது. ஆனால், “உமக்கு மணம் அறிவதில் குறை உண்டா?” என்று கேட்டபோது ‘உண்டு’ என்றவர்கள் மொத்தத்தில் பத்தில் ஒருவர்கூட இல்லை! சிறிது சிறிதாகக் குறைவதால் இழப்பு தெரிவதில்லை.

என் பாட்டி சாம்பாரை முகர்ந்துவிட்டு, “பெருங்காயம் இப்போதெல்லாம் பழைய மாதிரி வருவதில்லை” என்று கடைக்காரரைக் குறை கூறுவார். நாம் ‘ருசி’ என்று சொல்லுவதில் பெரும்பங்கு மணமே. மணம் குறைந்தால் உணவு சப்பென்றாகிவிடும். அதை ஈடுகட்ட முதியோர் உப்பையும் சர்க்கரையையும் கூட்டிக்கொள்ளுகிறார்கள். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு இது எத்துணைக் கேடு! இன்னும் சிலர், பசியில்லை என்று தட்டை ஒதுக்கி மெலிந்துபோகிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்னும் ஊரில், 1937 மார்ச் 18 அன்று, ஒரு பள்ளிக்கூடத்தின் தரைக்கு அடியில் இயற்கை வாயு கசிந்து தேங்கியிருந்தது. அந்த வாயுவுக்கு மணம் இல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. மின் இயந்திரம் ஒன்றை இயக்கியபோது எழுந்த தீப்பொறியால் அது வெடித்தது. மாணவ மாணவியரும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதன் பின்னரே வாயுவில் நாற்றமுள்ள பொருளைக் கலக்க வேண்டுமென்று அம்மாநிலத்தில் சட்டம் வந்தது. நம் வீட்டுச் சமையல் காஸிலும் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருள் கலந்தே வருகிறது. அத்தனை உயிர்களைப் பலி கொடுத்துக் கிடைத்த இந்த எச்சரிக்கை, மணம் அறியாத மூக்குக்கு எட்டுவதில்லை. பகலெல்லாம் வீட்டில் தனித்திருக்கும் பாட்டியை எண்ணிப் பாருங்கள்!

மூச்சின் கணக்கு

இனி நுரையீரலுக்கு வருவோம். 1846-ஆம் ஆண்டு ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர், தாம் அமைத்த மூச்சளவுக் கருவியால் 2,000-க்கும் மேற்பட்டோரின் மூச்சை அளந்தார். வயது ஏறும்போது மூச்சின் கொள்ளளவு குறைகிறது என்பதை அவர் அப்போதே கண்டார்.

நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. காற்றை ஏற்று விரிந்தபின், ரப்பர்போல் தாமே சுருங்கிக் காற்றை வெளியேற்றுவது அவற்றின் இயல்பு. முதுமையில் இந்த மீள்தன்மை குறைகிறது. விலா எலும்புகளை நெஞ்செலும்போடு இணைக்கும் குருத்தெலும்பு இறுகுகிறது. முதுகு கூனுகிறது. மூச்சுக்கு ஆதாரமான உதரவிதானம் வலுவிழக்கிறது. ஆகவே, வெளியேற வேண்டிய காற்றில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது.

நமது நுரையீரல் 20 முதல் 25 வயதுக்குள் தன் முழு ஆற்றலை அடைகிறது. சில ஆண்டுகளுக்குப் பின், முதல் ஒரு விநாடியில் பலங்கொண்டு ஊதித் தள்ளக்கூடிய காற்று, ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மில்லி லிட்டர் குறைகிறது. இது இரண்டு மேசைக்கரண்டி அளவுதான். ஆனால், நாற்பது ஆண்டுகளில் ஒரு லிட்டருக்குக் குறையாது! அமைதியாக அமர்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்றே போதும். ஆகவே நாற்காலியில் இருக்கும் தாத்தாவுக்குக் குறை தெரியாது. மாடிப்படி ஏறும்போதுதான் சேமிப்பு குறைந்திருப்பது தெரியும். அவர் படியில் நின்று இளைப்பாறினால் அது சோம்பல் அன்று.

இருமலும் வலுவிழப்பதால் சளி வெளியேறாமல் தங்கி, சாதாரணச் சளிக்காய்ச்சல் நிமோனியாவாக மாறக்கூடும். புகைபிடிப்பவர்களுக்கும், விறகடுப்பின் புகையில் பல்லாண்டுகள் சமைத்த பெண்களுக்கும் நுரையீரல் இன்னும் விரைவாகத் தேய்கிறது. புகையை விட்டுவிட்டால் தேய்மானத்தின் வேகம் குறைகிறது என்று ஃப்ளெட்சர், பீட்டோ ஆகியோரின் ஆய்வு 1977-ஆம் ஆண்டே காட்டியது. எந்த வயதில் விட்டாலும் பயன் உண்டு.

எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதலாமா?

கூடாது. படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீங்குவது, சில அடி நடப்பதற்குள் இளைப்பது, வாரக்கணக்கில் இருமுவது ஆகியவை முதுமையின் இயல்பு அல்ல. இதயநோய், இரத்தசோகை, ஆஸ்துமா போன்றவை காரணமாகலாம். திடீரென மணம் அறியாமற் போவதும் அப்படியே. கொரோனா நோய் பரவிய 2020-ஆம் ஆண்டு இதை உலகமே கண்டது. பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மண உணர்வு குன்றுவதுண்டு. “வயசாச்சுன்னா அப்படித்தான்” என்று சொல்லி விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

தோழியரே, பெரும் பொருட்செலவு இல்லாமல் நாம் செய்யக் கூடியவை பல உண்டு. இரவு படுக்குமுன் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடும் வேலையை நாமே ஏற்கலாம். காஸ் நாற்றம் வந்தால் மின் ஸ்விட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். மீந்த குழம்பையும் பாலையும் பாட்டிக்குக் கொடுக்குமுன் நாம் முகர்ந்து பார்க்கலாம். உப்புக்குப் பதில் கொத்துமல்லி, இஞ்சி, எலுமிச்சை சேர்த்துச் சுவையூட்டலாம். மாலையில் அவர்கள் கையைப் பிடித்து நடக்க அழைத்துச் செல்லலாம். நடை உதரவிதானத்துக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது. இன்ஃப்ளூயன்சா, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரைக் கேட்கும்படி பெற்றோருக்கு நினைவூட்டலாம்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நம் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இப்போது ஓடியும் ஆடியும் சேர்ப்பதே பிற்காலத்தில் செலவு செய்யும் முதல். விளையாட்டுப் பாடவேளையில் மர நிழலைத் தேடும் தோழியர் இதை மனத்திற் கொள்வார்களாக!

கண் குறைந்தவருக்குக் கோலாக நிற்கிறோம். மணம் குறைந்தவருக்கு மூக்காகவும், மூச்சுக் குறைந்தவருக்குப் படியில் பிடித்துக்கொள்ளும் கையாகவும் இருப்போம்.