உதட்டுக் கொப்புளமும் உறங்கும் வைரஸும்

அந்தமானின் சிப்பிகாட்டில் நாளெல்லாம் வெயிலில் உழைத்துத் திரும்பும் நம்மவர் சிலருக்கு உதட்டோரம் கொப்புளம் எழுவதுண்டு. உடற்சூடு என்று நாம் சொல்லிவிடுகிறோம். வெயில் தூண்டுகோலே; காரணம் ஹெர்ப்பீஸ் வைரஸ்.

பெரும்பாலும் இளமையிலேயே புகும் அது, முகத்து நரம்பணுக்களில் உறங்கிக் கிடக்கிறது. அவ்வுறக்கத்திலும், புரதம் ஆக்காத ஓர் ஆர்.என்.ஏ.வை மிகுதியாகத் தோற்றுவிக்கிறது என்பதை 1987-இல் அறிஞர் வெளியிட்டனர். அதிலிருந்து பிறக்கும் நுண் ஆர்.என்.ஏ.க்கள், வைரஸை விழிப்பிக்கும் மரபணுக்களின் செய்தியை அடக்க உதவுகின்றன என்பர். வெயிலோ காய்ச்சலோ கவலையோ உடலை வருத்துங்கால் அக்கட்டு தளர்கிறது. வைரஸ் பெருகி, நரம்பு வழியே உதட்டை அடைகிறது.

கொப்புளம் ஆறும், வைரஸ் அகலாது. பச்சிளங்குழந்தைக்கு அது உயிருக்கே தீங்காகலாம். ஆதலின் புண் ஆறும்வரை குழந்தையை முத்தமிடாதிருப்போம்; கண் சிவந்து வலித்தால் உடனே மருத்துவரை நாடுவோம்.