சொந்தக் கேள்விக்குச் சிறு நிதி: கல்லூரி மாணவர் விண்ணப்பிப்பது எப்படி?

பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் ‘ப்ராஜெக்ட்’ என்று ஒன்று வரும். நம் தென்காசிப் பக்கத்தில் பலர் அதை எப்படி முடிக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். டவுனில் ஒரு ப்ராஜெக்ட் சென்டருக்குப் போய், கையில் இருப்பதைக் கொடுத்து, யாரோ எப்போதோ செய்த ஒன்றை வாங்கி, பெயரை மாற்றி பைண்டிங் போட்டுக் கொண்டுவருகிறார்கள். அப்பா விசைத்தறியில் ஒரு வாரம் நின்று சம்பாதித்த கூலி அதில் போயிருக்கும். வைவா முடிந்ததும் அந்தப் புத்தகம் துறை அலமாரிக்குள் போய்விடும்.

ஏறத்தாழ அதே அளவு பணத்தை, உங்கள் சொந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்காக அரசிடமே கேட்டு வாங்க முடியும். சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும், ‘அதெல்லாம் சென்னை, கோவை காலேஜுக்குத்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணம் தவறு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் முக்கியமானது, 1984-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம். சென்னையில் இயங்கும் இந்த மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி தருகிறது. தொகை சிறியது, ஒரு திட்டத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குள்தான். பொறியியல், வேளாண்மை, உயிரியல், சுற்றுச்சூழல், மருத்துவம், சமூக அறிவியல் என்று பல பிரிவுகளில் விண்ணப்பம் வாங்குகிறார்கள். இறுதியாண்டு மாணவர்களை மனதில் வைத்து உருவான திட்டம் இது. எந்தப் பட்டப்படிப்புக்குத் தகுதி உண்டு, கடைசித் தேதி என்ன என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு படிவத்தை நம்பி இறங்காதீர்கள்.

கர்நாடகத்தில் இதேபோன்ற மாணவர் திட்டத்தை அந்த மாநில அறிவியல் மன்றம் பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்திலிருந்து பல பத்தாண்டுகளாக நடத்திவருகிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இளநிலை மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வில் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தை 1969-இல் தொடங்கியது. முனைவர் பட்டம் வரை காத்திருக்காமல், பதினெட்டு இருபது வயதிலேயே கேள்வி கேட்டுப் பழகட்டும் என்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் பின்னால் உள்ள எண்ணம்.

மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2008 முதல் ‘ஸ்டார் காலேஜ்’ என்ற திட்டத்தின் கீழ் இளநிலை அறிவியல் துறைகளுக்கு நிதி தருகிறது. இது மாணவருக்கு நேரடியாக வராது, கல்லூரிக்கு வரும். உங்கள் கல்லூரிக்கு அது இருந்தால், மாணவர் ப்ராஜெக்டுக்கு அதில் இடமுண்டா என்று ஹெச்.ஓ.டி.யிடம் கேளுங்கள். பெங்களூரு, புதுடெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை வழங்குகின்றன. தேர்வானால் ஏறக்குறைய இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம். மாதாந்திர உதவித்தொகை உண்டு. சொந்தக் கேள்வி இன்னும் பிடிபடாதவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். படிவத்தில் பத்துப் பதினைந்து கட்டங்கள் இருந்தாலும், தேர்வுக்குழு அதில் தேடுவது மூன்றே கேள்விகளுக்கான விடையைத்தான். என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்? அதை ஏன் நீங்கள், உங்கள் ஊரில் செய்ய வேண்டும்? இந்தப் பணத்தில், இந்தக் காலத்துக்குள் முடியுமா? முதல் கேள்வியிலேயே பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுமாறுகின்றன. ‘தென்காசி மாவட்ட விசைத்தறித் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு’ என்று தலைப்பு வைத்தால் அதற்குப் பத்து வருடமும் ஒரு துறையும் வேண்டும். படிப்பவருக்கு இது முடியாது என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும்.

அதையே சுருக்கிப் பாருங்கள். சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. தறி ஓட்டும் அண்ணாச்சிமார் பலர் ஐம்பது வயதில் காது மந்தமாகி, வீட்டில் டி.வி.யை உரக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நாம் பார்க்கிறோம். அப்படியானால் கேள்வி இது: ‘தறிக் கொட்டகைக்குள், தறியோட்டி நிற்கும் இடத்தில், எத்தனை டெசிபல் சத்தம் இருக்கிறது? ஓடும் தறிகளின் எண்ணிக்கை கூடும்போது அது எவ்வளவு கூடுகிறது?’ இதை இயற்பியல் மாணவர் நான்கு பேர் ஒரு பருவத்துக்குள் செய்துவிட முடியும்.

இந்தக் கேள்வியில் பாடம் இருக்கிறது. டெசிபல் என்பது மடக்கை அளவு. ஒரே சத்தம் போடும் இரண்டு தறி ஓடினால் அளவு இரட்டிப்பாகாது. 3 டெசிபல்தான் கூடும். நான்கு தறி ஓடினால் 6 கூடும். இது புத்தகக் கணக்கு. தகரக் கூரையும் சுவரும் சத்தத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு கொட்டகைக்குள் அந்தக் கணக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். ஊருக்குப் பயனும் இருக்கிறது. தொழிற்சாலைகளுக்கு நெடுங்காலமாக இருந்துவரும் விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு. 95 ஆனால் நான்கு மணி நேரம், 100 ஆனால் இரண்டு மணி நேரம். ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் சிறு கொட்டகைகள் பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்கான சட்டத்துக்குள் வருவதில்லை. அதனால் அங்கே அளவுமானியோடு யாரும் போய் நிற்பதும் இல்லை. ‘ஏன் நீங்கள், ஏன் இங்கே’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை சென்னை மாணவர் யாரிடமும் இருக்காது. உங்கள் மாமா கொட்டகைக்குள் நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார முடியும். வெளியூர்க்காரருக்கு அந்த அனுமதி கிடைக்கவே பல வாரம் ஆகும்.

அடுத்தது பட்ஜெட். நான் அதிகம் வலியுறுத்துவது இந்தப் பக்கத்தைத்தான், ஏனென்றால் நீங்கள் வேலையை மனதில் ஒருமுறை செய்து பார்த்தீர்களா என்பது இங்கே தெரிந்துவிடும். ‘உபகரணங்கள் 5,000, இதர செலவு 2,500’ என்று எழுதினால் ஒன்றும் யோசிக்கவில்லை என்று பொருள். மேலே சொன்ன ஆய்வுக்கு 7,500 ரூபாய் கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒலி அளவுமானியை வாங்க வேண்டாம். கல்லூரியிலோ பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலோ இரவல் கேட்கலாம். அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துச் சான்று வாங்க 1,800. நான்கு பேர், பதினைந்து நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய் பேருந்துக் கட்டணம், ஆக 2,400. வினாப்படிவம் அச்சடிக்க, நகலெடுக்க 700. பேட்டரிக்கு 300. ஆய்வில் பங்கெடுக்கும் தொழிலாளர் ஐம்பது பேருக்குத் தலா 20 ரூபாயில் காது அடைப்பான், 1,000. அறிக்கை தட்டச்சும் பைண்டிங்கும் 900. எதிர்பாராத செலவுக்கு 400. கூட்டினால் 7,500 வரும். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு வேலை இருக்கிறது, பாருங்கள். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கடையில் கொட்டேஷன் வாங்கி உங்கள் எண்ணைப் போடுங்கள்.

லேப்டாப், செல்போன், கேமரா ஆகியவற்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சிறு நிதி என்பது செய்யும்போதே செலவாகிப் போகும் பொருட்களுக்கும் அலைச்சலுக்கும்தான். நிலையான கருவிகளைப் பெரும்பாலான திட்டங்கள் அனுமதிப்பதில்லை. செல்போன் செயலியில் சத்தத்தை அளந்துவிடலாமே என்று தோன்றும். அதை முன்னோட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், போனுக்குப் போன் மைக் மாறும், அளவும் மாறும். இந்த ஒரு வரியை விண்ணப்பத்தில் எழுதினாலே விஷயம் தெரிந்த பிள்ளைகள் என்று குழுவுக்குப் புரிந்துவிடும்.

முன்னோட்டம் என்று சொன்னேன். விண்ணப்பிக்கும் முன் ஒரு சனிக்கிழமை இரண்டு கொட்டகைக்குப் போய்வாருங்கள். தறி ஷிப்ட் எத்தனை மணிக்கு மாறுகிறது, பாவு தீர்ந்தால் எவ்வளவு நேரம் தறி நிற்கிறது, கரண்ட் கட் எப்போது வருகிறது என்பதெல்லாம் நேரில் போனால்தான் தெரியும். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஊரே நிறைந்திருக்கும் நாட்களில் அளக்கப் போகிறேன் என்று கால அட்டவணை போட்டுவிடக் கூடாது.

தொழிலாளரிடம் பேசுவதற்கும் படம் எடுப்பதற்கும் அவர் சம்மதம் வேண்டும். எழுத்தில், தமிழில், அவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும். பெயரை அறிக்கையில் போடக் கூடாது. முதலாளிக்குத் தெரியாமல் ஒளிந்து அளக்கவும் கூடாது. காதுப் பரிசோதனை செய்கிறோம் என்று மருத்துவப் பக்கம் போனால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவைப்படும். சிறு ஆய்வுக்கு அது வேண்டாத சுமை, சத்தத்தை அளப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வழிகாட்டி இல்லாமல் பெரும்பாலும் விண்ணப்பிக்க முடியாது. கைடாக இருக்கும் ஆசிரியரின் கையெழுத்தும், துறைத்தலைவர், முதல்வர் கையெழுத்தும், போனஃபைடு சான்றும் கேட்பார்கள். இங்கேதான் நாள் போகும். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் முதல்வர் அறை வாசலில் நிற்பது எவருக்கும் நல்லதில்லை. அறிவிப்பு வருவதற்கு முன்பே இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றைத் தயார்செய்து ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள். அவருக்குப் படிக்க நேரம் கொடுங்கள். நன்றாக எழுதிய இரண்டு பக்கத்தைப் பார்த்தபின் மறுக்கும் ஆசிரியர் குறைவு. ஆங்கிலம் தடங்கலாக இருந்தால் முதலில் தமிழில் எழுதுங்கள். சிந்தனை தெளிந்தபிறகு மொழிமாற்ற ஆசிரியரோ சீனியரோ உதவுவார்கள். கடன் வாங்கிய ஆங்கில வாக்கியங்களை ஒட்டிவைத்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

கலை, இலக்கிய மாணவர்கள் மனம் தளர வேண்டாம். அவர்களுக்கென்று இருக்கும் நிதி குறைவு என்பது உண்மைதான், அது மாற வேண்டும். பெங்களூரில் 1993-இல் தொடங்கப்பட்ட கலைகளுக்கான இந்திய அறக்கட்டளை, கலை சார்ந்த ஆய்வுக்கும் படைப்புக்கும் நிதி தருகிறது. இந்திய மொழிகளில் எழுதிய விண்ணப்பங்களை அது ஏற்கிறது. அதன் நிதி கல்லூரி மாணவரைவிடச் சற்று அனுபவம் உள்ளவர்களுக்கே பொருந்தும். ஆனால் அது கேட்கும் முறையில் ஒரு திட்டக்குறிப்பு எழுதிப் பழகுவது இப்போதே நல்லது. கழுகுமலையின் சமணச் சிற்பங்களும் வெட்டுவான் கோயிலும் சங்கரன்கோவிலிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்தான். வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நெல்லைச் சீமையின் கொடை விழாக்களில் இன்னும் நடக்கின்றன. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுக்கென்றே நீண்ட மரபு உண்டு. வழிகாட்டி தேடுவோர் அங்கே கேட்கலாம். பள்ளிப் படிப்பையே முடிக்காத கி.ராஜநாராயணன் இடைசெவலில் இருந்துகொண்டு கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே ஆக்கினார். ஒரு கிராமத்து நெசவுச் சொற்களை மட்டும் ஐம்பது பேரிடம் கேட்டு ஒலியோடு பதிவுசெய்வது ஒரு பி.ஏ. தமிழ் மாணவரின் கைக்கு அடங்கும் வேலை.

பணம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது பொதுவாக உங்கள் பெயருக்கு வராது, கல்லூரிக் கணக்குக்கு வரும். பெரும்பாலும் தாமதமாகவும் வரும். அதுவரை கைக்காசு செலவு செய்ய நேர்ந்தால், அனுமதிக் கடிதத்துக்கு முந்தைய பில்லை ஏற்பார்களா என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போட்டு, பில்களை ஒட்டி, பேருந்து டிக்கெட்டுகளைத் தேதி வாரியாகப் பின் பண்ணி வையுங்கள். டிக்கெட்டு மை சீக்கிரம் மங்கிவிடும், அன்றைக்கே நகலெடுத்துவிடுங்கள். முடிவில் அறிக்கையோடு பயன்பாட்டுச் சான்றிதழும் கேட்பார்கள். மத்திய அரசுப் பணம் என்றால் ‘ஜி.எஃப்.ஆர். 12-ஏ’ என்ற படிவம். செலவாகாத மிச்சத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு மாணவர் குழு கணக்குக் கொடுக்காமல் போனால், அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட ஆசிரியர் தயங்குவார். இதை மறக்காதீர்கள்.

நிராகரிப்பு வரலாம், நல்ல கேள்விகளுக்கும் வரும். அப்போது அதே குறிப்பை முன்னாள் மாணவர் சங்கத்திடம் கொடுத்துப் பாருங்கள். அளவுமானி இரவலாகக் கிடைத்துவிட்டால், மேலே சொன்ன ஆய்வைப் பாதிப் பணத்திலும் செய்யலாம்: கொட்டகைகளைக் குறையுங்கள், கேள்வியை மாற்றாதீர்கள்.

முடித்தபின் அறிக்கையின் ஒரு பிரதியை நீங்கள் அளந்த கொட்டகைக்காரருக்கும், தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தை அங்கே நின்று பேசிய தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். இந்த வருடம் மூன்றாம் ஆண்டில் நுழைந்திருப்பவர்கள், இந்த வாரமே ஆசிரியரிடம் போய் மன்றத்தின் அறிவிப்பு வந்துவிட்டதா என்று கேளுங்கள்.