பூனைக்குட்டியும் மணல்தொட்டியும்

பூனைக்குட்டி எவ்விடத்தில் மலசலம் கழிக்க வேண்டும் என்பதைப் பற்றி வானொலியில் ஒருவர் பேசுவதா என்று நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். நகைத்தால் எனக்கு வருத்தமில்லை. ஆனால், எங்கள் கீழ்பென்னாத்தூரில் ஒரு வீட்டில் பிறந்த குட்டிகள் அவ்வீட்டிலேயே வளருமா, அல்லது கோணிப்பையில் கட்டப்பட்டு ஏரிக்கரைக்கு அப்பால் விடப்படுமா என்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியினாலேயே முடிவாகிறது. கோணிப்பையில் சென்ற குட்டி நாய்க்கும் வெயிலுக்கும் பசிக்கும் தப்பி உயிரோடிருப்பது அரிது. ஆகவே இது சிரித்துத் தள்ளக்கூடிய பொருளன்று.

முன்னாளில் இக்கேள்வியே எழவில்லை. ஓட்டு வீடுகளின் பின்புறம் கொல்லை இருந்தது; கொல்லையில் வாழையும் முருங்கையும், அவற்றினடியில் எப்போதும் கொத்திவிடப்பட்ட மண்ணும் இருந்தன. தாய்ப்பூனை அங்கே சென்றது. குட்டிகள் அதனைப் பின்தொடர்ந்தன. இன்று திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் எழுந்துள்ள வீடுகளிற் பலவற்றில் வாசல் முதல் பின்சுவர் வரை சிமெண்டுத் தளமே காணப்படுகிறது. பூனை கிளறுவதற்கு ஒரு பிடி மண் இல்லை. எவரேனும் வீடு கட்டுவதற்காகத் தெருவில் மணல் கொட்டிவிட்டால், அன்றிரவே ஊர்ப் பூனைகளெல்லாம் அங்கே கூடிவிடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். காலையில் வரும் கொத்தனார் வாயார வைதுவிட்டு மணலைச் சலிப்பார். அவர்மேலும் குற்றமில்லை; பூனையின்மேலும் குற்றமில்லை.

பூனை ஏன் மணலை நாடுகிறது? நம் வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் உள்ள வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனையாகும். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதனின் புதைகுழிக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2004-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். அத்தனை காலம் மனிதனோடு பழகியும் அஃது அந்த வறண்ட நிலத்து வழக்கத்தை விடவில்லை. தண்ணீர் அரிதான இடத்தில் வாழ்ந்த விலங்காதலால், அதன் சிறுநீரகம் நீரைப் பெரும்பாலும் உடலிலேயே நிறுத்திக்கொண்டு, மிகச் செறிந்த சிறுநீரை வெளியேற்றுகிறது. அச்சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்க, அம்மோனியா எழுகிறது. மூலையில் நின்று மூக்கைப் பிடிக்கச் செய்யும் நெடி இதுவே. கழிவைத் தோண்டி மூடுவதை நாம் தூய்மை என்று புகழ்கிறோம். தன்னினும் வலிய விலங்குக்குத் தன் இருப்பிடம் தெரியாமல் மறைக்கும் தந்திரம் என்பதே அறிஞர் பலரின் கருத்து. எதுவாயினும், நமக்கு வேண்டிய பாடத்தில் முக்காற் பங்கை இயற்கை முன்னமே கற்பித்து அனுப்பியிருக்கிறது. எஞ்சிய காற்பங்கே நம்முடையது. அந்தக் காற்பங்கிலேதான் நான் தவறினேன்.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில், ஆடிப்பட்டத்துக்கென்று எங்கள் வீட்டு உள்ளறையில் அடுக்கியிருந்த விதை மல்லாட்டை மூட்டைகளின் பின்னே ஒரு பூனை நான்கு குட்டிகளை ஈன்றது. (நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம்.) முதல் மூன்று வாரங்கள் ஒரு தொல்லையும் இல்லை. பிறந்த குட்டி தானாக மலசலம் கழிக்க இயலாது. தாய் அதன் அடிவயிற்றையும் பின்புறத்தையும் நக்கிக் கொடுத்தால்தான் கழிக்கும்; கழித்ததைத் தாயே தூய்மை செய்துவிடும். தாயை இழந்த குட்டிகளை வளர்ப்போர், ஒவ்வொரு முறை பால் புகட்டிய பின்பும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சினால் அவ்விடத்தை மெல்லத் துடைத்துவிட வேண்டும். இதனை அறியாமல் பாலை மட்டும் புகட்டிக் குட்டியை இழந்தோர் பலர்.

மூன்றாம் வாரம் முடிந்து நான்காம் வாரம் நடக்கும்போது குட்டிகள் தாமாகக் கழிக்கத் தொடங்குகின்றன. எங்கள் குட்டிகளும் தொடங்கின. அவை கண்ட மெத்தென்ற இடம் மூட்டைகளின் அடிப்புறமே. இரண்டு மூட்டைகளின் கோணி நனைந்துவிட்டது. என் தாயார் வந்து பார்த்தார். "பூனை வேண்டுமா, விதை வேண்டுமா, நீயே சொல்லடா. ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஈரம் ஏறிய கடலையில் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த விதை முளைக்காது.

எனக்குத் தோன்றிய பரிகாரம் பினாயில். நாள்தோறும் காலையில் அந்த மூலையைப் பினாயில் ஊற்றித் துடைத்தேன். மூன்றாம் நாள், ஈரம் காயுமுன் ஒரு குட்டி அதன்மேல் நடந்து சென்று, பூனைகளின் வழக்கப்படி உட்கார்ந்து தன் பாதங்களை நக்கியது. மாலையில் வாயில் நுரை ஒழுகியது, உடல் நடுங்கியது. கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் தம்மால் இயன்றதைச் செய்தார். விடியுமுன் அது இறந்துவிட்டது.

மருத்துவர் சொன்ன விளக்கத்தை நான் மறக்கவில்லை. கறுப்புப் பினாயிலில் உள்ளவை பீனால் இனத்தைச் சேர்ந்த பொருள்கள். மனிதனின் கல்லீரலும் நாயின் கல்லீரலும் அவற்றை ஓரளவு மாற்றி வெளியேற்றிவிடும். அதற்கு வேண்டிய நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஆகவே நமக்குத் தூய்மைப் பொருளாக இருப்பது அதற்கு நஞ்சாகிறது. பைன் எண்ணெய் கலந்த வெள்ளைப் பினாயிலும் நன்றன்று. பூனை வராதிருக்க மூலையில் போடும் அந்துருண்டையும் அத்தகையதே. பிளீச்சிங் பவுடர் தெளிப்போருக்கும் ஒரு சொல்: சிறுநீரின் அம்மோனியாவோடு அது கலந்தால் மனிதரின் மூச்சையே திணறச் செய்யும் ஆவி எழும். சோப்பும் வெந்நீரும் வெயிலும் போதும். நெடி மிகுந்த மருந்து, பூனையின் வாடையை நம் மூக்கிற்குத்தான் மறைக்கிறது. பூனையின் மூக்கிற்கு அன்று.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாட்களே எஞ்சியிருந்தன. எண்ணெய்த் தகரம் ஒன்றைப் படுக்கவைத்து, நீளவாட்டில் வெட்டி, ஓரங்களைச் சுத்தியலால் உட்புறமாக மடக்கித் தட்டினேன். ஒரு பக்கத்தை மட்டும் மூன்று விரல் உயரத்திற்குத் தாழ்த்தினேன். நான்கு வாரக் குட்டியால் அதற்குமேல் ஏற இயலாது. இரண்டு அங்குல ஆழத்திற்கு மணல் பரப்பினேன். குட்டிகள் நனைத்திருந்த மணலும் மண்ணும் ஒரு கைப்பிடி எடுத்து மேலே தூவினேன். அந்த வாடையே குட்டிக்கு அறிவிப்புப் பலகை. தொட்டியை அவை படுக்கும் இடத்திற்கு அருகிலும், உண்ணும் இடத்திற்குத் தொலைவிலும் வைத்தேன். உண்ட பின்பும் உறங்கி எழுந்த பின்பும் ஒவ்வொரு குட்டியையும் எடுத்துத் தொட்டியில் விட்டேன். வயிற்றில் உணவு சேர்ந்ததும் குடல் இயங்குவது பூனைக்கும் மனிதக் குழந்தைக்கும் பொது. ஆதலால் அந்த நேரமே ஏற்றது. முன்னங்காலைப் பிடித்து மணலைக் கிளறிக் காட்ட வேண்டும் என்பார் சிலர். அது வேண்டியதில்லை, பிடித்தால் அஞ்சி ஓடும். தாயைக் காணாத குட்டியும் தளர்ந்த மணலைக் கண்டால் தானே கிளறும்.

இரண்டு குட்டிகள் மறுநாளே பழகிவிட்டன. மூன்றாவது, வெள்ளைக் கழுத்துள்ள கடுவன், மூட்டையையே நாடிற்று. அடிக்கவில்லை, மூக்கைத் தேய்க்கவும் இல்லை. இவ்விரண்டும் நம்மவரிடையே பரவியுள்ள பழக்கங்கள்; இவற்றால் குட்டி கற்பது ஒன்றே, மனிதர் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் சென்று கழிப்பது. மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றிவிட்டு, அது வழக்கமாக நனைக்கும் இடத்திலேயே அதன் சோற்றுக் கிண்ணத்தை வைத்தேன். உண்ணும் இடத்தில் பூனை அசுத்தம் செய்யாது. இரண்டு நாள் தயங்கித் தொட்டிக்கு வந்தது. அதற்குள் ஞாயிறு கடந்துவிட்டது. என் தாயார் ஒன்றும் கேட்கவில்லை.

இனித் தொட்டியில் எதைப் பரப்புவது? கல்லூரி மாணவர்கள் விடுதியிலோ வாடகை அறையிலோ குட்டி வளர்க்க நேர்ந்தால் முதலில் வரும் ஐயம் இதுவே. மணலைப் பூனை விரும்பும். ஆனால் மணல் நீரை உறிஞ்சாது. சிறுநீர் அடியில் தங்கி நாறும். நாள்தோறும் அள்ளிக் கழுவி வெயிலில் உலர்த்தினால் ஒழியப் பயனில்லை. அடுப்புச் சாம்பல் நெடியை அடக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வர். உண்மைதான், ஆயினும் நனைந்த சாம்பல் காரம் மிகுந்தது, குட்டியின் மெல்லிய பாதத்தை அரிக்கும். வீடெங்கும் வெள்ளைத் தடம் பதியும் என்பதைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை. எங்கள் ஊரில் அரிசி ஆலைகளில் உமி எளிதில் கிடைக்கும். அதையும் முயன்றேன். உமியின் மேற்பரப்பு சிலிகா நிறைந்தது. நீர் அதில் ஒட்டாமல் வழிந்துவிடுகிறது. குட்டி ஒருமுறை கிளறினால் பாதி உமி காற்றில் பறக்கும்.

மல்லாட்டைத் தோலை நொறுக்கிப் பரப்பினால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். நன்றாக உலர்ந்த புதுத் தோல் ஓரளவு உறிஞ்சும், குற்றமில்லை. ஆனால் ஈரத்தில் கிடந்து பூசணம் பிடித்த தோல் கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தபோது, அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணமே காரணம் என்று தெரியவந்தது. அப்ளடாக்சின் என்னும் நஞ்சை உலகம் அறிந்தது அதன் வழியாகத்தான். குட்டிகளோ கண்டதையெல்லாம் வாயில் வைத்துப் பார்ப்பவை.

எனக்கு மிகவும் பிடித்தது தென்னை நார்க்கழிவு. கட்டியாக விற்கிறார்கள், நனைத்து உதிர்த்து உலர்த்தினால் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை வாங்கும். மண்போல் மெத்தென்றிருப்பதால் குட்டி தயங்காமல் கிளறுகிறது. மிக நுண்ணிய தூசியைச் சலித்துவிட வேண்டும். மயிரில் ஒட்டும் குறையும் உண்டு. காகிதத்தைக் கிழித்துப் போடுவது ஆபத்துக்கு உதவும், அவ்வளவே.

கடைகளில் விற்கும் களிமண் உருண்டைகளின் கதை சுவையானது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1947-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு பெண்மணியின் மணற்குவியல் உறைந்துபோயிற்று. பூனைத் தொட்டிக்குச் சாம்பலை இட்டுப் பார்த்து, வீடெங்கும் கரித்தடம் கண்டு சலித்து, எட்வர்டு லோ என்னும் இளைஞரிடம் மணல் கேட்டார். ஆலைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்காகத் தாம் விற்றுவந்த உலர்ந்த களிமண்ணை அவர் கொடுத்தார். நம் பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மட்டியின் இனத்தைச் சேர்ந்த மண் அது. ஐந்து பவுண்டுப் பையை 65 சென்டுக்கு விற்கலாம் என்று அவர் எண்ணியபோது, மணல் மலிவாகக் கிடைக்கையில் இதை யார் வாங்குவார் என்று கடைக்காரர் ஐயுற்றாராம். இன்று அது பெருந்தொழில். 1980-களில், நனைந்த இடம் மட்டும் கட்டியாக இறுகும் பெண்டோனைட் மண் வந்தது. கட்டியை மட்டும் எடுத்தெறியலாம். நம் நாட்டிலும் குஜராத்தின் கச்சுப் பகுதியில் இம்மண் ஏராளம். வளர்ந்த பூனைக்கு இது மிக ஏற்றது. குட்டிக்கு வேண்டா, விழுங்கிவிட்டால் வயிற்றில் ஊறிப் பருத்துக் குடலை அடைக்கக்கூடும். மூன்று, நான்கு மாதம் ஆகட்டும். எதை வாங்கினாலும் நறுமணம் சேர்த்ததை வாங்காதீர்கள். மல்லிகை மணம் நமக்கு, பூனை அதைக் கண்டு விலகிப் போகும். எங்கள் ஊர்க் கடையொன்றில் நான் "பூனை லிட்டர் இருக்கிறதா?" என்று கேட்டபோது, "எத்தனை லிட்டர் வேண்டும்?" என்று கடைக்காரர் பாத்திரம் கேட்டார். பெயரைத் தமிழில் வைக்காததன் பலன்!

இன்னொரு செய்தியைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் என் தங்கை தலைப்பிரசவத்திற்காக வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்சோபிளாஸ்மா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி உண்டு. 1908-இல் தூனிஸ் நகரில் ஒரு கொறிவிலங்கில் முதலில் காணப்பட்டது. பூனையின் குடலில்தான் அது முட்டை போன்ற வித்துறைகளை உண்டாக்குகிறது என்பது 1970-ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று; அதனைத் தெளிவாக்கியவர்களுள் இந்தியாவிற் பிறந்த டூபே என்னும் அறிஞரும் ஒருவர். கருவுற்ற பெண்ணுக்கு முதன்முறையாக இத்தொற்று ஏற்பட்டால் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு நேரலாம். இதைக் கேட்டதும் பூனையைத் துரத்த எழுந்துவிடாதீர்கள். வெளிவந்த வித்துறை உடனே தொற்றாது. அது முதிர்வதற்கு ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும். நாள்தோறும் தொட்டியைத் தூய்மை செய்தால் அது முதிருமுன் அகன்றுவிடுகிறது. அவ்வேலையைக் கருவுற்றவர் செய்யலாகாது. செய்பவர் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். குட்டிக்குப் பச்சை இறைச்சி தரலாகாது. கழிவைக் கீரைப்பாத்தியில் கொட்டாமல், கிணற்றுக்குத் தொலைவில் ஆழப் புதைக்க வேண்டும்; ஈரமண்ணில் அவ்வித்துறை ஓராண்டுக்கு மேலும் உயிர்த்திருக்கும். தொட்டி வேலையை நானே செய்தேன். வைகாசியில் தங்கைக்குப் பெண் குழந்தை நலமாகப் பிறந்தது.

நாள்தோறும் தொட்டியைப் பார்ப்பவருக்கு வேறொரு பயனும் உண்டு. கழிவு நீர்த்துப் போனால் வயிற்றில் புழு இருக்கலாம். வளர்ந்த கடுவன் அடிக்கடி தொட்டிக்குச் சென்று முக்கி முனகி, ஒரு துளியும் கழிக்காமல் திரும்பினால், சிறுநீர் வழி அடைபட்டிருக்கிறது என்று கொண்டு அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் உயிர் தங்காது. பழகிய பூனை திடீரென்று வெளியே கழித்தால், அதனைக் கோபிக்குமுன் அதன் உடல் நலத்தையும் தொட்டியின் நிலையையும் பாருங்கள்.

ஆடி பிறந்ததும் விதை மல்லாட்டை நிலத்துக்குச் சென்றது. மூன்று குட்டிகளில் இரண்டை வேறு வீட்டார் கேட்டு வாங்கினர். புதிய இடத்தில் தொட்டியை அடையாளம் காண்பதற்காக, ஒவ்வொரு குட்டியுடனும் அதன் பழைய தொட்டியின் நனைந்த மணலில் சிறிதளவு காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி அனுப்பினேன். அன்று பௌர்ணமி. திருவண்ணாமலையில் கிரிவலம் முடித்துத் திரும்பும் வழியில் குட்டியை வாங்க வந்த பெரியவர், பொட்டலத்தைக் கண்டதும் திருநீறு என்றெண்ணி நெற்றியைத் துடைத்துக்கொண்டு பிரிக்கத் தொடங்கினார். ஓடிச் சென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.