தஞ்சம் முதல் தற்சார்பு வரை

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின், பல்லாயிரம் இலங்கைத் தமிழர் கடல் கடந்து தமிழகம் வந்தடைந்தனர். உணவும் உறைவிடமும் அரசின் உதவியாகக் கிடைத்தன. ஆயினும் பிறர் கையை எதிர்பார்த்தே வாழும் நிலை நீளலாகாது என்ற எண்ணத்துடன், 1984-இல் எஸ். சி. சந்திரஹாசன் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். அகதிகளே அகதிகளுக்காகப் பணியாற்றுவது இதன் சிறப்பு. கல்வி, உடல்நலம், தொழிற்பயிற்சி ஆகியவற்றுடன் முகாம்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களையும் அது வளர்த்தது. 2004 ஆழிப்பேரலையின்போது இவ்வகதிகள் தமிழகக் கடலோர மக்களுக்கு உதவும் கரங்களாயினர்.

சுய உதவிக் குழுவின் இயக்கம் எளியது. பத்து முதல் இருபது பேர் சிறுதொகையைத் தவறாது சேமிக்கின்றனர். அதிலிருந்தே தமக்குள் கடன் வழங்கித் திரும்பப் பெறுகின்றனர். இந்தக் கணக்கேடே பின்னர் வங்கிக் கடனுக்குச் சான்றாகிறது. அடமானச் சொத்து தேவைப்படுவதில்லை. 1992-இல் நபார்டு வங்கி இம்முறையை 500 குழுக்களுடன் சோதனையாகத் தொடங்கியது.

இவ்வழி அகதிகளுக்கு மட்டும் உரியதன்று. பிழைப்புத் தேடிப் புனேயின் போபோடி போன்ற பகுதிகளில் குடியேறும் குடும்பங்களுக்கும் பொருந்தும். ஆதாரில் சொந்த ஊர் முகவரியே இருப்பினும், தற்போதைய முகவரியைச் சுய உறுதிமொழியாக அளித்துக் கணக்குத் தொடங்கலாம். குழுவின் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்குகையில், பொறுப்பாளர்களின் அடையாள ஆவணங்களே போதுமானவை. புதிய ஊரில் வேரூன்ற விரும்புவோர், முதலில் அருகிலுள்ள கிளையை அணுகுவது நலம்.