காலண்டரைப் பார்த்து ஊறும் அரிசி

புது ஓட்டலுக்கு முதல் வாரம் வரும் கூட்டத்தை நம்பாதே என்று எங்கள் மூத்த சப்ளையர் அண்ணன் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். வாசலில் கட்டிய வாழைமரம் பச்சையாக இருக்கும்வரை ஊரே வரும். முதலாளியின் சம்பந்தி வீட்டார் வருவார்கள், திறப்பு விழாவுக்குப் பத்திரிகை வைத்தவர்கள் வருவார்கள், ‘என்னதான் போடுறான் பாப்போம்’ என்று பழைய ஓட்டல்காரர்களும் வருவார்கள். மரம் வாடியதும் பாதிப் பேரைக் காணோம். மிச்சம் இருப்பவர்களை வைத்துத்தான் கடையின் கணக்கு.

பி.காம். இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறை அது. எனக்கு ஊர் வலங்கைமான் பக்கம். கும்பகோணத்தில் திறந்த அந்தச் சைவ ஓட்டலில் நாளுக்கு 450 ரூபாய், இரண்டு வேளைச் சாப்பாடு, காலை ஆறரை முதல் மூன்றரை வரை வேலை. ஞாயிறு மட்டும் மதியம் போய் இரவு ஒன்பது வரை. அன்று அப்பா வண்டியில் வந்து அழைத்துப் போவார்.

ஞாயிறு மாலைக்கு ஆள் கூடுதலாகத் தேவைப்பட்டதற்குக் காரணம் ராகு. அன்று ராகு காலம் நாலரை முதல் ஆறு மணி வரை. பக்கத்தில் திருநாகேஸ்வரத்தில் அந்த நேரத்துப் பாலாபிஷேகத்துக்கு எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். அது முடிந்து ஆறரைக்கு மேல் ஒரே நேரத்தில் நாலைந்து வேன்கள் எங்கள் வாசலில் நிற்கும். அப்படியே ஒப்பிலியப்பன் கோயிலுக்கும் போய் உப்பில்லாத பிரசாதம் சாப்பிட்டு வந்த ஒரு தாத்தா, சாம்பாரில் உப்பு தூக்கல் என்று சண்டை பிடித்தார். சாம்பார் சரியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை ஆலங்குடி குருபகவான், சனிக்கிழமை திருநள்ளாறு. ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் பார்த்துவிடக் கிளம்புகிறவர்களுக்கு விடியற்காலையிலேயே இட்லி வேண்டும். வைகாசி முகூர்த்த நாளில் நிலைமை தலைகீழ்: உள்ளூர்க்காரர்கள் கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிடுவார்கள், காலை டிபன் மந்தம். எங்கள் சரக்கு மாஸ்டர் முதல் நாள் சாயங்காலமே தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு அரிசி ஊறப்போடுவது என்று சொல்வார். அக்னி நட்சத்திரத்தில் மாவு அவசரக்காரன். காலையில் பதமாக இருப்பது மாலைக்குள் புளித்துவிடும். அதிகம் அரைத்தால் சாக்கடைக்கு, குறைவாக அரைத்தால் ‘தோசை இல்லை’ என்று சொல்லும் வேலை எங்களுக்கு. பழைய ஓட்டலுக்கு இந்த அளவு பழக்கத்தில் வந்திருக்கும். புது ஓட்டலுக்கு ஒவ்வொரு நாளும் ஊகம்தான்.

சாப்பிட வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது தோசைக்கல்லின் கணக்கு. எங்கள் கல்லில் ஒரு நேரத்தில் ஆறு தோசை ஊற்றலாம். அதனால் மாஸ்டர் மேசை வாரியாக ஊற்ற மாட்டார், வகை வாரியாக ஊற்றுவார். மூன்று மேசையில் கேட்ட சாதாத் தோசை எல்லாம் ஒன்றாக வரும். வெங்காய ஊத்தப்பம் தடிமன். அடங்கிய சூட்டில் நின்று வேக வேண்டும். ரவா ரோஸ்ட் நீர்க்க ஊற்றுவது, முறுகுவதற்கு அதைவிட நேரமாகும். கல்லில் அது ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டால் மற்றவை அந்த அளவுக்குப் பின்வாங்கும். ஒரு குடும்பத்தில் ஆறு பேர் ஆறு வகை சொன்னால், முதல் ஆள் கை கழுவும்போதுதான் கடைசி ஆளுக்குத் தட்டு வரும். “ஏம்மா, அவங்க எங்களுக்கு அப்புறம்தானே வந்தாங்க?” என்ற கேள்விக்கு இதுதான் பதில். அவர்கள் இட்லி சொல்லியிருப்பார்கள். இட்லி ஈடு ஈடாக வெந்து தயாராக இருக்கும்.

சப்ளையர் வேலை தட்டுத் தூக்குவது என்று நினைத்துத்தான் நானும் போனேன். உண்மையில் அது நேரத்தைப் பங்கு போடும் வேலை. எந்த மேசையில் குழந்தை அழுகிறது, எந்த வேன் டிரைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், கல்லில் இப்போது என்ன கிடக்கிறது என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்து, ரவா ரோஸ்ட் கேட்பவரிடம், “சார், கால் மணி நேரம் ஆகும், பொங்கல் சூடா இருக்கு” என்று சொல்லத் தெரிய வேண்டும். ஆர்டர் எடுக்க எங்களுக்குக் கையில் டேப்லெட் கொடுத்திருந்தார்கள். மூத்த அண்ணன் அதைத் தொடவே மாட்டார். எட்டுப் பேர் சாப்பிட்டதையும் மனதிலேயே வைத்திருந்து கல்லாவுக்கு ஒப்பிப்பார். அவர் ஒப்பித்தது பில்லோடு ஒத்துப்போகாமல் நான் பார்த்ததில்லை.

மேசை துடைக்கும் பையன்கள் இருவர் ஒடிசாக்காரர்கள். ‘கெட்டிச் சட்னி’, ‘இலை எடுத்தாச்சு’ எல்லாம் சுத்தமாகச் சொல்வார்கள். பெண் பிள்ளை பரிமாறுவதுதான் சிலருக்குப் புதிதாக இருந்தது. வயதான அம்மாக்கள் இலையில் கை வைக்கும் முன்பே என் விசாரணையை ஆரம்பித்துவிடுவார்கள்: “எந்த ஊரு பாப்பா? படிக்கலையா?” படிக்கிறேன் என்று சொன்னால்தான் அடுத்த இட்லியே கேட்பார்கள். இந்தக் கேள்வியை அந்த ஒடிசாப் பையன்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களும் என் வயதுதான்.

டிப்ஸ் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் போனிலேயே பணம் அனுப்புவதால் சில்லறை என்ற பேச்சே இல்லை. சோம்புத் தட்டில் பத்து ரூபாய் நோட்டு விழுவது அபூர்வம். விழுந்ததை உண்டியலில் போட்டு, சனிக்கிழமை பாத்திரம் கழுவும் அக்கா உட்பட எல்லாரும் சமமாகப் பிரித்துக்கொண்டோம். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

பில்லை வைத்து நடக்கும் தகராறுகள் தனி. 5 சதவீத ஜி.எஸ்.டி. எங்களுக்குப் போகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். அது அரசுக்குப் போவது. 2017 நவம்பரிலிருந்து சாதாரண ஓட்டல்கள் எல்லாவற்றுக்கும் அந்த விகிதம்தான். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்பது வேறு. அதைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் விதி போட்டது. 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அந்த விதி செல்லும் என்றது. பில்லில் அப்படி ஒரு வரி இருந்தால் நீக்கச் சொல்லலாம். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் சப்ளையரிடம் கத்தாமல் கல்லாவில் சொல்லுங்கள், பில் போடுவது அங்கேதான்.

அடுத்த கோடையில் இந்த வேலைக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகள் சேருவதற்கு முன்பே சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கூலி நாள் கணக்கா மாதக் கணக்கா, தட்டு உடைந்தால் பிடித்தம் உண்டா, கூட்டமில்லாத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூலாவது உண்டா, கடைசிப் பஸ்ஸுக்கு விடுவார்களா. ஓட்டலுக்கு வருகிறவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அவசரமாக இருந்தால் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள். எது உடனே வரும் என்பது மெனு கார்டில் இருக்காது, எங்களுக்குத் தெரியும்.